தும்பென்று நினைத்துத் தேய்த்த எரிமலை

1

மகள் அனிற்றாவின் பள்ளிக்கூடத்திலிருந்து சென்ற கிழமை ஒரு துண்டுக் கடிதம் வந்தது. வகுப்புப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தின் கல் காட்சிச்சாலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். தகப்பன் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த இத்தாலி நாட்டில் நான் வைக்காத கையெழுத்தில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு, வாடகை வீட்டுக்கு, கரண்டுக்கு, தடுப்பூசிக்கு என்று வாசித்தும் வாசிக்காமலும் வைத்துத் தள்ளியிருக்கிறேன். இந்தத் துண்டில் மட்டும் பேனை நின்றுவிட்டது.

"என்ன பப்பா யோசிக்கிறீங்கள்? கெதியாய் ஃபீர்மா போடுங்கோவன். நாளைக்கு மயெஸ்த்ராட்டைக் குடுக்க வேணும்."

ஃபீர்மா என்றால் கையெழுத்து, மயெஸ்த்ரா என்றால் ரீச்சர். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய தமிழில் வினைச்சொல் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெயர்ச்சொல் பலெர்மோவிலிருந்தும் வரும். அதையும் தெருவில் கதைக்கமாட்டாள். கபோ சந்தைக்குள் என்னோடு நடந்தால் நாலு அடி முன்னால் போவாள். யாரும் கேட்டால் நான் பின்னால் வருகிற வேறு ஆள்.

பேனை நின்றதற்குக் காரணம் உண்டு. அந்தக் காட்சிச்சாலையில், எரிமலைப் பகுதியில், ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டில் என்னைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்க ஏழு வருடமாக எனக்குத் துணிவு வரவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நான் ஒரு எரிமலைப் பேராசிரியருக்கு உதவியாளராக இருந்தவன் என்று அனிற்றாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் ஒருத்திக்குச் சொன்னதை அவள் முப்பது பேருக்குச் சொல்லிவிட்டாள். 'என் தந்தை' என்று கட்டுரை எழுதி, அதை வகுப்பில் வாசித்து, கைதட்டும் வாங்கியிருக்கிறாள். உண்மையில் நான் பேராசிரியருக்குச் சமைத்தேன், கூட்டினேன், சட்டி தேய்த்தேன். அதுவும் ஒரு உதவிதானே என்பது என் கட்சி. என் மனைவி றீற்றா அந்தக் கட்சியில் இன்னும் சேரவில்லை.

கட்டுரைக்குப் பிறகு சிநேகிதிகள் வீட்டுக்கு வரக் கேட்டார்களாம். அவள் கூட்டி வரவில்லை. வந்த நாள் முதல் இன்றுவரை ஒரு பிள்ளையையும் அவள் எங்கள் வீட்டுப் படி ஏற்றியதில்லை. வீடு பொரியல் மணக்கிறதாம். மணக்கத்தான் செய்கிறது.

கடைசியில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். அவர்கள் போவது செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் உங்களுக்காவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

2

யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். பெயர் அந்தோனிப்பிள்ளை. சீனியோ மாவோ என் கையெழுத்தில்லாமல் ஒரு இறாத்தல் வெளியே போகாது. வீட்டில் தண்ணீர் கூட நானாக வார்த்துக் குடித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, பின்னால் வரப்போகிற கதைக்குத் தேவைப்படுகிறது.

பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பங்குச் சுவாமியார் ஒரு வேலை பிடித்துத் தந்தார். பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம், நாலாம் மாடியில், மனைவியை இழந்த ஒரு வயதான பேராசிரியர். லிப்ற்றில் ஒன்றரை ஆள் நிற்கலாம். வீட்டுக்குள் அதுவும் கஷ்டம், எங்கும் கல். கதிரையில் கல், குளிக்கும் அறையில் கல், படுக்கையில் அவருக்கு அருகே சிஞ்ஞோரா, அதாவது அவருடைய மனைவி, படுத்திருந்த பாதியிலும் கல். எல்லாம் எரிமலை கக்கிய கல்.

பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவில் எரிமலை என்றால் எட்னா. அந்த வருடம் எட்னாவும் சும்மா இருக்கவில்லை, நாள்தோறும் தொலைக்காட்சியில் அதன் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பேராசிரியருக்கு எட்னாவைக் கண்ணில் காட்டக்கூடாது. "அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்" என்று தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார். அவர் உயிரையே வைத்திருந்தது வெப்பத் தீவுகளில் உள்ள வேறு சாதி எரிமலைகளில். கேடய எரிமலை என்று பெயர். கேடயத்தைக் குப்புறப் போட்டது போல அகலமாய், பதிவாய்க் கிடக்குமாம். எனக்கு எங்கள் கோயில் மிக்கேல் சம்மனசு என்ற தேவதூதரின் கையில் இருக்கும் கேடயம் நினைவு வரும்.

ஒருநாள் நான் தோசை சுட்டேன். மா தண்ணியாகப் போய்விட்டது. கல்லில் விட்டதும் நாலு பக்கமும் ஓடியது. பேராசிரியர் துள்ளி எழுந்து என் கையிலிருந்த அகப்பையைப் பறித்தார். முதல் தோசைக்கு மேல் இரண்டாவதை விட்டார், அதற்கு மேல் மூன்றாவதை விட்டார்.

"பார் அந்தோனியோ, இதுதான் என் மலை! தண்ணியான எரிமலைக் குழம்பு தூரம் ஓடும். ஓடிக் காயும். அதற்கு மேல் அடுத்தது ஓடும். இலட்சக்கணக்கான வருடம் இப்படியே. ஹவாய்த் தீவில் ஒன்று இருக்கிறது, கடலடியிலிருந்து அளந்தால் இமயமலை அதற்குத் தம்பி. ஆனால் ஏறுகிறவனுக்கு மலையில் ஏறுகிறோம் என்பதே தெரியாது."

"எட்னா?"

"எட்னாவின் மா கட்டி. குவிந்து நிற்கும், அடைக்கும், வெடிக்கும். என் மலை அநேகமாக வெடிக்காது. பொங்கி, ஊற்றாகப் பாய்ந்து, ஓடும். நிலத்தடி நீர் போய்ச் சேர்ந்தால்தான் கோபம் வரும். மற்றபடி நீ அதன் பக்கத்தில் நடக்கலாம்."

நான் அதைக் கெட்டுப்போன தோசை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒன்று விளங்கியது. இந்த மனிதர் நல்லவர், இவரிடம் வேலை நிலைக்கும்.

வேலை நிலைக்க வேண்டியிருந்தது. றீற்றாவும் அனிற்றாவும் அப்போது கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தார்கள். கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் அறை. பொலிசில் பதிந்துவிட்டு, யார் எப்போது கதவைத் தட்டுவார்களோ என்று இருந்த காலம். நான் ரெலிபோன் எடுத்தால் அனிற்றா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்: "பப்பா, நாளைக்கோ நாங்கள் வாறது?" அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டு அந்த ரெலிபோன் கூண்டுக்குள்ளேயே நின்று அழுதிருக்கிறேன்.

அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு எல்லாம் சேர்த்துவிட்டேன். ஒன்றே ஒன்று மிச்சம். வேலை தருகிறவர் தன் கையால் எழுதி ஒப்பமிட்ட கடிதம். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் காரியாலயத்தில் வியாழக்கிழமை காலை எனக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பேராசிரியர் எழுதித் தருவதாகச் சொன்னார். ஆனால் அவர் இரண்டு வரி எழுத நாலு நாள் யோசிக்கிற மனிதர். தன் சேகரிப்பைக் காட்சிச்சாலைக்குக் கொடுக்கிறார், அதை அடுக்கி முடித்ததும் எழுதுவார் என்று இருந்தது. ஒரு காலத்தில் ஊரே என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது, இப்போது நான் ஒருவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தேன்.

3

குசினிச் சுவரில் ஒரு செப்புச் சட்டி தொங்கியது. சிஞ்ஞோராவின் சட்டி. அவர் இருந்த காலத்தில் அதில் முகம் பார்க்கலாமாம். நான் கண்டபோது கரியும் பச்சையுமாக இருந்தது. பேராசிரியர் என்னிடம் கேட்ட ஒரே ஒரு வேலை, "முடிந்தால் அதைப் பழையபடி ஆக்கு" என்பதுதான். நான் சவர்க்காரம் போட்டேன், சோடா போட்டேன், திட்டியும் பார்த்தேன். சட்டி அசையவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு றீற்றாவுக்கு எழுதிக் கேட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவளுடைய பதில் வந்தது.

"இஞ்சாருங்கோ, செப்புச்சட்டி வெளிக்கேல்லை எண்டு எழுதியிருந்தியள். தேசிக்காய்ப் பாதியைச் சாம்பலிலை தொட்டு முதல் பூசுங்கோ. கொஞ்ச நேரம் ஊறவிட்டிட்டுத் தும்பாலை தேயுங்கோ. இரும்புப் பஞ்சு போட்டால் கீறல் விழும், போடாதேங்கோ. அங்கை தும்பு இல்லையெண்டு எனக்குச் சாட்டுச் சொல்லாதேங்கோ, தேடினால் கிடைக்கும். வீட்டிலை ஒருநாளாவது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் உது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

தேசிக்காய் என்கிற எலுமிச்சைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, தட்டுத் தட்டாகக் கிடக்கும். சாம்பலுக்கும் குறைவில்லை, பேராசிரியர் பைப் பிடிப்பவர். தும்புக்கு எங்கே போவது? தேங்காய் மட்டையைக் கண்டே இரண்டு வருடம்.

அந்தக் கிழமை பேராசிரியரின் பெட்டிகள் படிப்பறையில் கொள்ளாமல் குசினி மேசை வரை வந்திருந்தன. அவற்றின் நடுவே ஒரு வெண்ணெய் பிஸ்கற் ரின். எங்கள் ஆட்களின் வீடுகளில் பிஸ்கற் ரின்னுக்குள் பிஸ்கற் இருந்ததை நான் கண்டதில்லை. நூலும் ஊசியும் பொத்தானும்தான் இருக்கும். மூடியில் சிஞ்ஞோராவின் கையெழுத்தில் ஏதோ எழுதியிருந்தது, எனக்கு விளங்கவில்லை. திறந்தேன்.

தும்பு!

பொன்னும் மண்ணிறமும் கலந்த நார், ஒரு பிடி. ஊர்த் தும்பைவிட மெல்லியது, கொஞ்சம் மினுக்கம் கூட. என் மூளை சங்கக்கடைக் கணக்குப் போல ஒழுங்காக வேலை செய்தது. ரின் இருப்பது குசினியில். எழுத்து சிஞ்ஞோராவுடையது. சட்டியும் சிஞ்ஞோராவுடையது. ஆகவே இது சட்டி தேய்க்க அந்த மனுசி எடுத்து வைத்த தும்பு. கல் என்றால் காட்சிச்சாலைக்குக் கொடுப்பார்கள், தும்பை யார் கொடுப்பான்? றீற்றா சொன்னது சரி, தேடினால் கிடைக்கிறது.

தேய்த்தேன். இத்தாலியத் தும்பு நொறுங்கியது. இன்னும் கொஞ்சம் எடுத்தேன், அதுவும் நொறுங்கியது. கடைசியில் ரின்னைக் கவிழ்த்துத் தட்டி முழுவதையும் போட்டேன். விரல் நுனியெல்லாம் சுரீர் சுரீர் என்றது, தேசிக்காய்ப் புளி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சட்டியைக் கழுவி வெயிலில் பிடித்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். அதில் என் முகம் தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் முழுதாகச் செய்து முடித்த முதல் வேலை அது.

4

மத்தியானம் பேராசிரியர் வந்தார். சட்டியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கிட்ட வந்து புறங்கையால் தடவினார். கண் கலங்கியது. "பதினொரு மாதம்" என்றார். சிஞ்ஞோரா போய் அத்தனை மாதம்.

"அந்தோனியோ, உன் கடிதத்தை நாளைக்கே எழுதுகிறேன். இன்னும் ஒரு பெட்டிதான் பாக்கி. இந்த வீட்டிலேயே விலைமதிப்பில்லாதது அதுதான்."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். கை போன இடம் பிஸ்கற் ரின்.

நான் பாஸ்தாக் கோப்பையைக் குறுக்கே வைத்தேன். "முதல் சாப்பாடு. ஆறுது."

அவர் கதிரையில் அமர்ந்து, சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார். ஹவாயில் எரிமலை ஊற்றாகப் பாய்ந்தபோது அவரும் சிஞ்ஞோராவும் அங்கே நின்றார்களாம். கல்யாணமாகி அவர்கள் போன ஒரே தூரப் பயணம். குழம்பு மேலே தெறிக்க, அதைக் காற்று பிடித்து இழுக்குமாம். சீனிப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுகிற மாதிரி என்று எனக்கு விளங்கியது. இழுபட்ட இழை காற்றிலேயே உறைந்து கண்ணாடி மயிராகிவிடும். அந்தத் தீவு ஆட்கள் அதைத் தங்கள் நெருப்புத் தெய்வமான பேலேயின் கூந்தல் என்பார்கள். சிஞ்ஞோரா ஒரு பின்நேரம் முழுதும் குனிந்து, பாறை வெடிப்புகளில் சிக்கியிருந்ததை ஒவ்வொரு இழையாகப் பொறுக்கினாராம். வைக்க எதுவும் இல்லாமல், கொண்டுபோன பிஸ்கற்றைத் தின்று முடித்து ரின்னில் வைத்தாராம்.

நான் தேய்த்தது தும்பல்ல, சிஞ்ஞோராவின் ஒரு முழுப் பின்நேரம். விரலில் குத்தியது புளியல்ல, கண்ணாடி. இனிக் கடிதம் எங்கே? கொட்டாஞ்சேனை அறையில் அனிற்றா கேட்கும் கேள்விக்கு நான் வாழ்நாள் முழுதும் பதில் சொல்லாமலே இருக்க வேண்டியதுதான்.

"ரின்னை நாளைக்குப் பார்ப்போம் புரொபெசோரே" என்றேன். "களைச்சுப் போனீர்கள்." அவர் என் அக்கறையை மெச்சினார்.

வேலை முடிந்ததும் கபோவிலுள்ள என் அறைக்கு ஓடினேன். என்னோடு இருந்தவர் கனகசபை, மானிப்பாய்க்காரர், ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவுபவர். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அண்ணை, அம்மாளின்ரை தலைமயிராலையே சட்டி தேய்ச்சனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும் சபை? தும்பு மாதிரிக் கிடந்தது."

"நெருப்பு அம்மாள் எண்டுறீங்கள். உது சும்மா விடாது."

"நான் வேதக்காரன். உந்த அம்மாள் என்னை ஒண்டும் செய்யாது."

"கையைப் பாருங்கோ, செய்யத் துடங்கியிட்டுது!"

பார்த்தேன். விரல் ஐந்தும் இட்லியாக வீங்கியிருந்தன. பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு துன்பம் என்றால் வேதக்காரனும் சைவக்காரனும் போகிற இடம் ஒன்றுதான், பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியா அம்மாள் கோயில். அன்று பின்நேரமே இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினோம். நான் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி மன்றாடினேன். சபை எனக்காக, ஹவாய் அம்மாளிடம் எடுத்துச் சொல்லும்படி ரொசாலியாவிடம் மன்றாடினார். பெண் தெய்வங்கள் தங்களுக்குள் கதைத்துத் தீர்த்துக்கொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை.

மறுநாள் புதன்கிழமை காலை பேராசிரியர் வீட்டு வாசலில் காலைத் துடைத்தேன். துடைத்த கால் அப்படியே நின்றது. கால்மிதி. மாதக்கணக்காக நாள்தோறும் நான் மிதித்த கால்மிதி. குனிந்து பார்த்தேன். பொன்னும் மண்ணிறமுமாகத் தேங்காய்த் தும்பு, அசல் தும்பு! உலகமெல்லாம் தேடிய சாமான் என் காலுக்குக் கீழே கிடந்திருக்கிறது. ரொசாலியா அம்மாள் காட்டித் தந்தார் என்றே நம்பினேன். பேராசிரியர் முகம் வழித்துக்கொண்டிருந்தார். கால்மிதியின் ஒரு மூலையைப் பிய்த்து, உதறி, ரின்னுக்குள் அழகாகச் சுருட்டி வைத்தேன்.

5

பத்து மணிக்கு ரின்னைத் திறந்தார். நான் அடுப்படியில் நின்று வெங்காயத்தை ஒரு காரணமும் இல்லாமல் வெட்டினேன்.

முதலில் வெறுங்கண்ணால் பார்த்தார். பிறகு மணந்து பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அந்தோனியோ, இதில் ஒரு பூனை மயிர் இருக்கிறது."

எதிர்வீட்டுப் பூனை கால்மிதியில்தான் படுக்கும். அதை நான் யோசிக்கவில்லை.

"நாங்கள் போன அந்த எரிமலையில் என் மனைவி பூனை ஒன்றையும் காணவில்லை" என்றார். திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, சீலைத்துணி சுற்றியிருந்த விரல்களைப் பார்த்தார். அதற்குப் பிறகு சுவரில் மின்னும் சட்டியைப் பார்த்தார்.

எனக்கு அப்போது இத்தாலிய மொழியில் நிகழ்காலம் மட்டும்தான் தெரியும். அதிலேயே ஒப்புக்கொண்டேன். "நான் சட்டி தேய்க்கிறேன். கூந்தல் முடிகிறது. நான் கால்மிதி வெட்டுகிறேன். நான் கெட்ட மனிதன். தயவுசெய்து, கடிதம்." கேட்பவருக்கு, இன்னும் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன் போலத்தான் கேட்டிருக்கும்.

அவர் எழுந்தார். வெளியே போ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் படிப்பறைக்குப் போய் முள் பிடுங்குகிற ஒரு சிறு சாவணமும் மேசை விளக்கும் கொண்டுவந்தார். என் வலது கையைப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் வைத்தார். துணியை அவிழ்த்தார்.

"அசையாதே" என்றார். "என்னிடம் மிச்சமிருக்கிற கூந்தல் இவ்வளவுதான்."

ஒவ்வொரு இழையாக எடுத்தார். எடுத்து, பஞ்சு விரித்த சிறு பெட்டியில் வைத்து, எண்ணினார். இரண்டு மணித்தியாலம். கை அவரிடம் மாட்டிக்கொண்டதால் என்னால் எழும்பி ஓடவும் முடியாது. ஏன் செய்தாய் என்று கேட்டார். றீற்றாவின் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் வரி வரியாகச் சொன்னேன். 'வீட்டில் ஒருநாளாவது குசினிப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால்' என்ற இடம் வந்ததும் அவருடைய சாவணம் நடுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வருமட்டும் சிரித்தார்.

"என் மனைவியும் இப்படித்தான்" என்றார். "வருடா வருடம் தூசி தட்டும்போது கேட்பாள். இந்த மயிரை நான் முதுகு முறியப் பொறுக்கினேனே, இதனால் ஒரு பிரயோசனமாவது உண்டா என்று. முப்பது வருடம் என்னிடம் பதில் இருக்கவில்லை." சட்டியைக் காட்டினார். "இப்போது இருக்கிறது."

அதற்குப் பிறகு மகளைப் பற்றிக் கேட்டார். ரெலிபோனில் அவள் கேட்கும் கேள்வியைச் சொன்னேன். அவர் விரலிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினார்.

இருபத்துநான்கு இழை வந்தது. பெருவிரலில் ஒன்று மட்டும் ஆழமாய்ப் போய் நின்றுவிட்டது. மூன்று தரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டார். பிறகு கையைக் கழுவி, கடுதாசி எடுத்து, யோசிக்காமல் ஒரே இருப்பில் எழுதி ஒப்பமிட்டார்.

"இதைக் காட்சிச்சாலைக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"நான் விஞ்ஞானி. சீட்டில் உண்மையைத்தான் எழுதுவேன்."

6

வியாழக்கிழமை குவெஸ்தூராவில் என் முறை வந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி கடிதத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலை, வீடு, சம்பளம் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் பேராசிரியர் இரண்டு வரி சேர்த்திருந்தாராம். 'இவருடைய மனைவி தாமதமின்றி வந்து சேர்வது விஞ்ஞானத்தின் நலனுக்கு அவசியம். இவரை இனியும் தனியே விட்டால் என் சேகரிப்பில் எதுவும் மிஞ்சாது.'

"சிஞ்ஞோரே, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"உதவியாளர்" என்றேன். அந்தப் பொய் பிறந்த இடம் அதுதான்.

முத்திரை விழுந்தது. அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன் றீற்றாவும் அனிற்றாவும் வந்து இறங்கினார்கள். றீற்றாவை முதல் நாள் பேராசிரியர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சட்டியைத் தூக்கி, கவிழ்த்து, அடியைப் பார்த்தாள்.

"பிடியடியிலை இன்னும் கறுப்புக் கிடக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம், பேராசிரியர் கண்ணை மூடும்வரை, அந்த வீட்டுக் குசினியை அவள்தான் பார்த்தாள். நான் கல் தூசி தட்டினேன், அவர் முன்னால் நின்று காட்டிய கல்லை மட்டும்.

7

மேலே எழுதியது வெள்ளிக்கிழமை. இன்று செவ்வாய்.

காலையில் அனிற்றா புது மேற்சட்டை போட்டுக்கொண்டு போனாள். உதவியாளரின் மகள் அல்லவா. நான் வேலைக்குப் போகவில்லை, வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டேன். பொய்யென்றும் சொல்ல முடியாது. றீற்றா குசினியில் மீன் பொரித்தாள். "உண்மையைச் சொல்லிப் போட்டு இருந்திருக்கலாம். இப்ப இருந்து வியர்க்கிறியள்" என்றாள். அவள் சொல்வது எப்போதும் சரியாக இருப்பது ஒரு பெரிய தொந்தரவு.

இரண்டரைக்குக் கதவு திறந்தது. அனிற்றா பையைக் கழற்றவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"பப்பா, மியூசேயோவிலை உங்கடை பேர் கிடக்குது."

"என்னெண்டு?"

சட்டைப் பையிலிருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்தாள். சீட்டைப் பார்த்து எழுதி வந்திருக்கிறாள். இத்தாலியத்தில் வாசித்தாள், நான் உங்களுக்குத் தமிழில் தருகிறேன். 'பேலேயின் கூந்தல், எரிமலைக் கண்ணாடி, ஹவாய். சேகரித்தவர் என் மனைவி. இதனால் செப்புச் சட்டியைப் பளபளப்பாக்கலாம் என்பதைக் கண்டறிந்தவர், என் வீட்டில் வேலை செய்யும் சிஞ்ஞோர் அந்தோனியோ. மீட்டெடுத்த இடம்: பலெர்மோ, மேற்படியாரின் வலது கை. இருபத்துநான்கு இழைகள். இருபத்தைந்தாவது அவரிடமே உள்ளது.'

வகுப்பு முழுதும் சுற்றி நின்று வாசித்ததாம். ரீச்சர் சத்தமாக வாசித்தாராம். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது.

"பிள்ளை, உனக்கு வெட்கமாய்ப் போச்சே?" என்று கேட்டேன்.

அவள் என் வலது கையைப் பிடித்து, பெருவிரலைத் திருப்பி, நுனியை அமத்திப் பார்த்தாள். உள்ளே கறுப்பாய் ஒரு கோடு, ஒரு கண்ணிமை மயிர் அளவு. மழைக்கு முன் இன்றும் சுருக்கென்று குத்தும்.

"ஐயோ, மெய்யாய் இருக்குது!" என்றாள்.

கையை விட்டுவிட்டு பல்கனிக்கு ஓடினாள். கீழே பார்த்து அசல் கபோ சந்தைக்காரி போல சிசிலியனில் ஒரு கத்துக் கத்தினாள். படியில் தடதடவென்று சத்தம். றீற்றா மீன் சட்டியோடு சன்னலைத் திறக்க ஓடினாள், அதற்கு நேரமில்லை. ஐந்து பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். பொரியல் மணம், மேசையில் மிளகாய்த்தூள் போத்தல், இடுப்பில் கட்டிய சாரத்தோடு நான். ஏழு வருடத்தில் அனிற்றா எங்கள் வீட்டுப் படி ஏற்றிய முதல் பிள்ளைகள்.

வரிசையாக நின்று என் பெருவிரலைப் பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"தொடலாம், ஆனால் மெதுவாக" என்று அனிற்றா இத்தாலியத்தில் சொன்னாள். காட்சிச்சாலைக்காரர் மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இது இவர்தான். என் அப்பா. பேராசிரியர் வீட்டில் சட்டி தேய்த்தவர்."

பிறகு அத்தனை பேருக்கும் முன்னால், என்னிடம் தமிழில் சொன்னாள்:

"பப்பா, கையை நல்லாய் வெளிச்சத்திலை பிடியுங்கோ. அவைக்குத் தெரியேல்லையாம்."

பிடித்தேன்.